நிரலாளரின் திறனும் அவர் அமரும் இடமும்

அல்வாலிலிருந்து ஹைடெக் சிட்டி இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 1998ஆம் ஆண்டு அங்கே சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின், இப்பகுதியிலிருந்தும் மென்பொருள் பணிக்குச் சென்று வருவோர் பலர். ஒரு சிறந்த நிரலாளர் பத்துப் பேருக்குச் சமம் என்பது அத்துறையில் நெடுங்காலமாக நிலவும் கருத்து. எனவே, பின்தங்குபவரைத் திறனற்றவர் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இக்கருத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1968இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் என்னும் மூவர் அமெரிக்காவில் அனுபவமிக்க 12 நிரலாளர்களைச் சோதித்த ஆய்வை வெளியிட்டனர். பிழை களைய ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் மற்றொருவரைவிட இருபது மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆயினும், அனைவரும் ஒரே நிரல்மொழியிலோ ஒரே முறையிலோ பணியாற்றவில்லை.

பின்னர் டிமார்கோ, லிஸ்டர் இருவரும் 92 நிறுவனங்களைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, 1987இல் வெளியான ‘பீப்பிள்வேர்’ நூலில் முடிவுகளை எழுதினர். அதிலும் வேறுபாடு ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் பணியனுபவமும் ஊதியமும் அதனை விளக்கவில்லை. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இருவரின் திறன் பெரும்பாலும் நெருங்கியே இருந்தது. முன்னணியில் நின்றோரின் பணியிடங்கள் அமைதியானவை, இடையூறு குறைந்தவை.

தனிமனிதத் திறனை இது மறுக்கவில்லை. எனினும், திறன் வெளிப்படச் சூழல் வேண்டும் என்பது தெளிவு. நம் நாட்டு மென்பொருள் சேவைத் தொழிலில் கட்டணம் பெரிதும் ஆள்களையும் மணிநேரத்தையும் கொண்டே கணக்கிடப்படுகிறது. இரண்டு மணி நேரத்தில் செம்மையாக முடித்தவரைவிட, இரவு வரை அமர்ந்திருப்பவரே உழைப்பாளியாகத் தோன்றுகிறார்.

இதில் வங்கி வாடிக்கையாளராகிய நமக்கும் அக்கறை உண்டு. நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் எவரோ எழுதிய நிரலின் வழியே செல்கிறது. அவசரத்தில் எழுதிய ஒரு வரி, கணக்கில் பணம் கழிந்தும் உரியவரைச் சேராமல் போகக் காரணமாகலாம்.

ஆகவே மேலாளர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது கூட்டமும் அழைப்பும் இல்லாமல் ஒதுக்கித் தரட்டும். எழுதிய வரிகளை எண்ணாது, திரும்ப வராத பிழைகளை எண்ணட்டும். வீட்டிலிருந்து பணிபுரியும் மகனோ மகளோ அறைக் கதவைச் சாத்தியிருந்தால், கடைக்கு அனுப்புவதைச் சற்றுத் தள்ளிப்போடுவது நம்மால் இயன்ற உதவி.