ரிவெட் எண்ணுகிறவர்களின் கட்சி

பழைய போர்ப் புகைப்படங்களை ஏஐயிடம் கொடுத்து வண்ணமாக்கிப் பகிரும் நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த டாங்கிக்கு அடித்திருக்கிறீர்களே சாம்பல் நிறம், அது எங்கிருந்து வந்தது?

"வரலாற்றுக்கு உயிர் கொடுக்கிறோம்" என்பார்கள். படத்துக்குக் கீழே இதயக்குறிகள் குவியும். அங்கே ஒருவர் வந்து, "இந்த வருஷத்து வண்டியில் சக்கரம் இப்படி இருக்காதே" என்று சொல்லிவிட்டால் உடனே ஒரு பட்டம்: ரிவெட் எண்ணுகிறவர். ஆங்கிலத்தில் ரொம்ப நாளாகப் புழங்குகிற கேலி இது. மனித முகத்தை விட்டுவிட்டு இரும்பில் ஆணி எண்ணுகிற ஜென்மம் என்று அர்த்தம். நான் அந்த ஜென்மங்களின் கட்சி.

முதலில் நிறம். 1939இல் போலந்துக்குள்ளும் 1940இல் பிரான்ஸுக்குள்ளும் நுழைந்த ஜெர்மன் டாங்கிகள் முழுக்கச் சாம்பல் என்றுதான் பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் நம்பினார்கள். புத்தகத்திலும் சாம்பல், பொம்மை டப்பாவின் மேல்படத்திலும் சாம்பல். தாமஸ் ஜென்ட்ஸ், ஹிலரி டாயில் போன்றவர்கள் ஜெர்மன் ராணுவத்தின் மூல ஆவணங்களைத் தோண்டியபோது வேறு கதை வந்தது. மூன்றில் இரண்டு பங்கு அடர்சாம்பல், ஒரு பங்கு அடர்பழுப்பு என்று இரண்டு நிறம் அடிக்கச் சொல்லி ஆணை இருந்திருக்கிறது. 1940 ஜூலை இறுதியில்தான் பழுப்பை நிறுத்தினார்கள். இது தெரிந்த பிறகு அதே பழைய படங்களைப் பார்த்தால், சிலவற்றில் தகட்டின் மேல் மங்கலாக ஒரு திட்டின் விளிம்பு ஓடுகிறது. அத்தனை வருஷமும் கண்முன்னால்தான் இருந்தது. இரண்டு நிறமும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் விழுவதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இதை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்? சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகள் ஒரே எண்ணாகச் சுருங்கியதுதான் கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஒன்றிலிருந்து மூன்றையும் திரும்ப எடுக்க முடியாது. இது பள்ளிக்கூடக் கணக்கு. போதாததற்கு, அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. கோபுரத்தில் எழுதிய சிவப்பு எண் கறுப்பாக விழும். ஆக, மாடல் செய்வது வெறும் ஊகம். தான் பழகிய படங்களில் இந்த மாதிரி இடத்தில் எந்த நிறம் அதிகம் வந்ததோ அதைத் தடவுகிறது. இணையம் முழுக்கச் சாம்பல் டாங்கி என்றால் விடையும் சாம்பல்தான். பழைய தப்பு பளபளவென்று திரும்பி வருகிறது. நான் பிழைப்புக்குக் கோட் எழுதுகிறவன். ஊகித்த மதிப்பை அளந்த மதிப்பு மாதிரி டேட்டாபேஸில் ஏற்றினால் எங்கள் டீமில் அன்றைக்கே பிடித்துவிடுவார்கள்.

'தெளிவாக்குவது' இன்னும் மோசம். ஸிம்மரிட் என்று ஒரு பூச்சு உண்டு. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மானியர்கள் டாங்கியின் மேல் பூசி, சீப்பால் இழுத்ததுபோல் வரிவரியாக விட்ட பசை. தொழிற்சாலைகளில் 1943 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கி 1944 செப்டம்பரில் நிறுத்தினார்கள். ஆகவே அந்த வரிகள் தெரிகிற டைகர் டாங்கியின் படத்துக்குக் கீழே 'கூர்ஸ்க், ஜூலை 1943' என்று போட்டிருந்தால் குறிப்பு தப்பு. சில மில்லிமீட்டர் மேடுகள் ஒரு படத்தின் தேதியைச் சொல்லிவிடுகின்றன. அந்த வரிக்கும் ஃபிலிமின் குருணைக்கும் வித்தியாசம் தெரியாமல் மென்பொருள் வழுவழுவென்று தேய்த்துவிட்டால் தேதியும் சேர்ந்து போச்சு.

"கூர்ஸ்கோ நார்மண்டியோ, செத்தவன் செத்தவன்தானே?" இலக்கிய நண்பர்கள் கேட்பது இது. சரி, டாங்கியை விடுங்கள். ஒரு லாரியைப் பார்ப்போம்.

போலந்தின் ஹெல்ம்னோவில் நாஜிகள் மூடிய வண்டிக்குள் மனிதர்களை அடைத்து, எஞ்சின் புகையை உள்ளே திருப்பிக் கொன்றார்கள். பெரும்பாலும் யூதர்கள். ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல். அந்த வண்டிகளில் ஒன்று என்ற குறிப்போடு உலகமெங்கும் சுற்றிய ஒரு படம் உண்டு: சேதமடைந்த மாகிரஸ் லாரி, வீட்டுச் சாமான் ஏற்றுகிற பெரிய பெட்டி. ஆனால் படத்திலுள்ள வண்டி கொலைக்காக மாற்றப்பட்டதல்ல என்பது போர் முடிந்த கையோடு பதிவாகிவிட்டது. அந்தப் பதிவை விட்டுவிட்டுப் படம் மட்டும் ஊர் சுற்றியது. இனக்கொலையே நடக்கவில்லை என்று சொல்லும் கும்பலுக்கு இது வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. இந்தப் படம் பொய், ஆகவே வண்டியும் பொய் என்று ஆரம்பிப்பார்கள்.

வண்டி பொய்யில்லை. சௌரர் லாரிகளில் பெட்டி கட்டிக்கொடுத்தது பெர்லினின் கவுப்ஷாட் நிறுவனம். 1942 ஜூன் 5 தேதியிட்ட ஓர் அலுவலகக் குறிப்பு இருக்கிறது. முந்தைய டிசம்பரிலிருந்து மூன்று வண்டிகளில் 97,000 முடிந்தது, வண்டிகளில் கோளாறு இல்லை என்கிறது. 97,000 என்ன என்று அந்த வரி சொல்லவில்லை. அதன்பின் பெட்டியில் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பட்டியல் போடுகிறது. கொன்றவர்கள் வண்டியின் நுணுக்கத்தில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். நாம் மட்டும் "ஏதோ ஒரு லாரி" என்று விட்டுவிட வேண்டுமாம்.

எங்கள் கட்சியிலும் அசடுகள் உண்டு. டைகரின் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும், அது யாருடைய ஊருக்குள் போனது என்று தெரியாது. அவர்களோடு தனியாகச் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

வண்ணம் அடிக்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். மூலப்படத்தைப் பக்கத்திலேயே போடுங்கள், ஓரம் வெட்டாமல். அந்தப் படங்களில் நிறைய, சாதாரணச் சிப்பாய்கள் ஆல்பத்தில் ஒட்டி வைத்தவை. இன்று ஆல்பம் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றாக ஏலத்தில் போகிறது. பின்பக்கத்தில் பென்சிலால் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் பண்ணுங்கள்.