ஆட்டக்களத்தில் ஒரு மூங்கில் தட்டி

சென்ற தைத் திங்களில் நம் கல்லூரித் திடலில் நடந்த சடுகுடுப் பந்தயத்தைக் காண வந்தோர், ஆட்டத்தைக் காணுமுன் ஒரு மூங்கில் தட்டியைக் கண்டனர். ஆடுகளத்தைச் சூழ்ந்து மக்கள் நிற்கும் இடத்தை இரு கூறாக்கி, அத்தட்டி ஆளுயரத்திற்குக் கட்டப்பட்டிருந்தது. கீழ்ப்பால் நாம், மேற்பால் வெண்ணாற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த கல்லூரி மாணவர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாவாறும், ஒருவர் கூச்சலை ஒருவர் செவ்வனே கேட்குமாறும் அஃது அமைந்திருந்தது. பந்தயம் முடிந்த சில நாளில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வரும் ஆண்டில் பந்தயம் அவர்கள் திடலில் நடைபெறும். ஆட்டக்காரர் பன்னிருவரும் பயிற்சியாளரும் மட்டுமே செல்வர். பார்வையாளருக்குப் பேருந்து இல்லை என்பது அதன் சாரம்.

இம்முடிவு தவறு என்பது எமது துணிபு. பெரியோர் ஆராய்ந்து எடுத்த முடிவைத் தவறென்று கூற மாணவராகிய உமக்கு ஏது உரிமை எனின், அம்முடிவுக்குக் காரணமானோரும் எம் வயதினரே. ஆதலின் இதுபற்றிப் பேசும் கடப்பாடும் எமக்கே உரியது என்க.

முன்னாண்டு நிகழ்ந்ததை மறைத்துவிட்டு வழக்காடுதல் முறையன்று. அவ்வாண்டு பந்தயம் அவர்கள் திடலில் நடந்தது. நாம் இரண்டு பேருந்துகளில் சென்றோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் நாம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவர்களுள் பாடி வந்த ஒருவர் நம்மவர் இருவரைத் தொட்டுத் தம் எல்லைக்கு மீண்டார். பாட்டு இடையில் அறுந்தது என்றனர் நம்மவர். அறவில்லை என்றார் நடுவர். அப்பொழுது நம் பக்கத்திலிருந்து ஒருவர் உரக்கக் கூவினார். கூவியது அவ்வாட்டக்காரரின் பெயரையன்று. அவர் பிறந்த தெருவின் பெயரை. அச்சொல்லை ஈண்டு எழுத எமக்கு மனமில்லை. அதன்பின் கற்கள் பறந்தன. முதற்கல்லை எறிந்தவர் யார் என்பதில் இரு கருத்து உண்டு. முதற்சொல்லை எறிந்தவர் யார் என்பதில் இல்லை. பேருந்தின் கண்ணாடி உடைந்தது. நம் முதலாண்டு மாணவர் ஒருவருக்கு நெற்றியில் தையல் போட நேர்ந்தது.

நம் அணியில் பாடிச் செல்வதில் வல்லவரான நண்பரும் அத்தகைய தெருவொன்றில் பிறந்தவரே. திரும்பி வருகையில் அவர் எவரோடும் பேசவில்லை. எதிரணியாரை நோக்கி நாம் எறிந்த சொல் அவர்மேலும் பட்டது என்பது பேருந்தில் இருந்த அனைவருக்கும் தெரியும். அன்றிரவு ஒருவரேனும் அவரருகிற் போய் அமரவில்லை. யாமும் அமரவில்லை.

நிற்க. இன்று கபடி என்று வழங்கும் சடுகுடு, நம் சோழநாட்டில் ஆடுவோருக்கு மட்டும் உரியதன்று. காணச் செல்வோருக்கும் உரியது. சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அந்நீரை நம்பிய சம்பா நெல், தையிலும் மாசியிலும் அறுவடையாகும். அறுப்பதற்குச் சில நாள் முன்னரே ஈரவயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவராதலால், தாள் நிற்கும் வயலெல்லாம் ஆடுகளமாகிவிடாது. எவர் வயலில் உளுந்து தெளிக்கவில்லை என்று விசாரித்து, அவரை வீடு தேடிச் சென்று கேட்டு, தாளை அகற்றி மண்ணைச் சமன்செய்து கோடு கிழிப்பர். மன்னார்குடியிலும் ஒரத்தநாட்டிலும் நீடாமங்கலத்திலும் தேநீர்க் கடைச் சுவர்களில் சுவரொட்டிகள் தோன்றும். பகலில் வேலை இருத்தலின் ஆட்டம் இரவில்தான். விடியும்வரை நடப்பதும் உண்டு.

அச்சுவரொட்டியைக் கண்ட நாள் முதல் ஊரில் வேறு பேச்சு இராது. யார் யார் வருவர், எவர் சரக்கு ஆட்டோவில் எத்தனை பேர் ஏறலாம், எரிநெய்க்குத் தலைக்கு எவ்வளவு, மறுநாள் காலையில் மாடு கறக்க வீட்டில் யாரை விட்டுச் செல்வது என்று குளத்துப் படிக்கட்டில் மந்திராலோசனை நடக்கும். (ஊர்க்குளம் தூர்வாருவதற்கு இவ்வளவு ஆலோசனை நடந்து யாம் கண்டதில்லை.) எம் ஊருக்கும் வெட்டாற்றங்கரையிலுள்ள ஓர் ஊருக்கும் எம் பாட்டனார் காலந்தொட்டுச் சடுகுடுப் பகை உண்டு. அவ்வூரில்தான் எம் அத்தையைக் கொடுத்திருக்கிறது. மாலையில் அத்தை வீட்டுத் திண்ணையில் சோறுண்டு, இரவில் அத்தை மகனைக் காலைப் பிடித்து மடக்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கம். வந்த அணியார் வென்றாலும் தோற்றாலும் அவர்களுக்கும் உடன்வந்தோருக்கும் அழைத்த ஊரார் சோறிடுவர். பார்ப்போர் ஊர்வாரியாகப் பிரிந்து உட்காருவதில்லை. வைக்கோற்போரின் மேல் இடம் கிடைத்தவர் கிடைத்த இடத்தில் ஏறிக்கொள்வர்.

தஞ்சைக்கும் மன்னார்குடிக்கும் இடையிலுள்ள வடுவூர், தன் ஏரிக்கு வரும் பறவைகளால் புகழ்பெற்றது போலவே சடுகுடுவாலும் புகழ்பெற்ற ஊர். 2025ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டு விழாவில் பொற்பதக்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவ்வூர் இளைஞர் ஒருவரும் இருந்தார். அச்செய்தி வந்தபோது எம் ஊரில் வெடி வெடித்தவர்களுள், வடுவூராரிடம் பலமுறை தோற்றுக் கறுவிக்கொண்டிருப்போரே முன்னின்றனர்.

இவ்வளவும் அழகே. ஆயின், முழுதும் அழகு என்பது பொய். தொடாமல் சடுகுடு ஆட இயலாது. கையைப் பற்றவேண்டும், காலைக் கட்டிக்கொள்ளவேண்டும், ஒருவன் வியர்வை மற்றவன்மேல் படவேண்டும். ஆகவேதான், முற்காலத்தில் ஒரு தெருப் பிள்ளைகள் தமக்குள்ளும் மற்றொரு தெருப் பிள்ளைகள் தமக்குள்ளும் ஆடினரேயன்றி ஒருங்கு ஆடியதில்லை என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இந்நாளிலும், அனைவரும் வருக என்று சுவரொட்டியில் அச்சிட்டுவிட்டு, சில தெருவார் வந்து நின்றால் பெயர்ப் பட்டியல் நிரம்பிவிட்டது என்று சொல்லியனுப்பும் ஊர்களை யாம் அறிவோம். முன்னாண்டு நம் பக்கத்திலிருந்து எழுந்த சொல் ஆட்டத்தில் பிறந்ததன்று. ஊரிலிருந்து நாம் பேருந்தில் ஏற்றிச் சென்றது. எல்லாரையும் ஒரே பெஞ்சில் அமர்த்திக் கற்பித்ததைப் பெருமையாகக் கூறிக்கொள்ளும் கல்லூரி, அச்சொல்லுக்கு மருந்தாக ஒரு தட்டியைக் கட்டியதே எமக்கு வியப்பு.

எம் வகுப்புத் தோழர் ஒருவரின் தமையனார் அயர்லாந்து நாட்டு லிமெரிக் நகரில் மருத்துவமனைச் செவிலியராகப் பணிபுரிகிறார். அவர் தம் தம்பிக்கு எழுதியதொன்றை யாமும் படிக்க நேர்ந்தது. அங்கே ரக்பி என்னும் ஆட்டத்தில் மன்ஸ்டர், லென்ஸ்டர் என்னும் இரு மாகாணத்தாருக்கும் தீராப் போட்டி. மன்ஸ்டர் செந்நிறம், லென்ஸ்டர் நீலம். 2009ஆம் ஆண்டு டப்ளின் நகரத்துக் குரோக் பார்க்கில் இவ்விருவரும் மோதியபோது 82,208 பேர் திரண்டனர். 25க்கு 6 என்ற கணக்கில் லென்ஸ்டர் வென்றது. அதுவரை உலகில் எந்த ரக்பிக் கழக ஆட்டத்திற்கும் அத்துணை மக்கள் கூடியதில்லை என்பர். ஆகவே இஃது ஏதோ மென்மையான போட்டி என்று எண்ணவேண்டா.

ரக்பியை அறியாதாருக்கு ஒரு சொல். பக்கத்திற்குப் பதினைவர், முட்டை வடிவான பந்து, அதைக் கையில் ஏந்தி ஓடலாம், ஆனால் தோழனுக்கு எறிவதாயின் பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறியவேண்டும். ஏந்தி ஓடுபவனை இடுப்பிலும் காலிலும் கட்டிப்பிடித்து வீழ்த்துவர். பார்த்த அளவில், பந்தை நீக்கிப் பாட்டைச் சேர்த்தால் நம் சடுகுடுவே என்று தோன்றும்.

அத்தமையனாரை உடன் பணிபுரிவோர் தோமண்ட் பார்க் என்னும் மன்ஸ்டர் திடலுக்கு அழைத்துச் சென்றனர். பல வாரங்களுக்கு முன்னரே அவர்கள் கூடித் திட்டமிட்டிருந்தனர். டப்ளினிலிருந்து வரும் நீலச்சட்டை நண்பர் இருவர் முன்னிரவே வந்து செஞ்சட்டையார் வீட்டில் தங்கினர். திடலில் நுழைந்ததும் இவர், லென்ஸ்டர்காரருக்குரிய பகுதி எது என்று கேட்டாராம். அப்படி ஒரு பகுதி கிடையாது என்று சொல்லி அவர்கள் நகைத்தனராம். செந்நிறத்தாரும் நீலநிறத்தாரும் ஒரே வரிசையில் மாறி மாறி அமர்ந்திருந்தனர். ஆட்டம் முழுதும் ஒருவரையொருவர் கேலிசெய்தபடியே இருந்தனர். ரக்பித் திடல்களில் பெரும்பாலும் இதுவே வழக்கம்.

அவரை வியப்பில் ஆழ்த்தியது மற்றொன்று. லென்ஸ்டர் ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தரையில் நிறுத்திக் கம்பங்களுக்கு இடையே உதைக்க முற்பட்டார். திடல் ஏறத்தாழ 25,000 பேர் கொள்ளும். உதைக்க நின்றவரோ எதிரணியார். அக்கணமே திடல் முழுதும் ஓசையடங்கியது. எங்கோ ஒரு குழந்தை இருமியதுகூடக் கேட்டது என்று எழுதியிருக்கிறார். உதைப்பவர் எந்த அணியினராயினும் தோமண்ட் பார்க்கில் இம்மௌனம் காக்கப்படும். பந்து காலை விட்டு நீங்கியபின்தான் கூச்சல்.

இப்பகுதியை யாம் நால்வர் விடுதி மாடியில் இருந்து படித்தோம். படித்து முடித்தபின் முன்னாண்டு நிகழ்ச்சியே எல்லார் நினைவிலும் வந்தது. நடுவர் தீர்ப்புக்கும் அக்கூவலுக்கும் இடையே ஒரு நொடி மௌனம் இருந்தது. அதை யாம் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

மேனாட்டார் ஆட்டம் நமக்கு எதற்கு என்பாருக்கு ஒன்று கூறுவோம். ரக்பி நம் மண்ணுக்கு முற்றும் அயலானதன்று. கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ஒரு ரக்பிக் கழகம் 1878இல் கலைக்கப்பட்டபோது, வங்கியில் எஞ்சிய வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கிண்ணம் செய்தனர். நாகங்கள் கைப்பிடியாகவும் யானை மூடியின்மேலும் அமைந்த அக்கிண்ணத்திற்காகவே 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதி வருகின்றன. அண்மையில் இலங்கையிலோ, கொழும்பு ராயல் கல்லூரியும், திருச்சபை ஊழியர் 1872இல் நிறுவிய கண்டித் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்திற்காக ஆடுகின்றன. அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு ஆட்டம். ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே கேடயம் வழங்குவர். பாதிப் போட்டி எதிரியின் ஊரிலேயே நடந்தாகவேண்டும். ஆதலால் மாணவரும் பழைய மாணவரும் ஆண்டுதோறும் மலையேறியும் இறங்கியும் செல்கின்றனர். அப்பயணம் இல்லையேல் அக்கேடயத்திற்கு அத்துணை மதிப்பு ஏது?

வேலி இருந்தால் அடிதடி இராதே என்பர். இங்கிலாந்தில் கால்பந்துக் கூட்டத்தாரின் கலகத்திற்கு அஞ்சித் திடல்களில் இரும்பு வேலிகளை எழுப்பினர். 1989 ஏப்ரல் 15ஆம் நாள் ஷெப்பீல்டு நகர ஹில்ஸ்பரோ திடலில், காவலர் செய்த பிழைகளால் ஒரு பகுதியில் கூட்டம் அளவிறந்து நெருங்க, வேலி வழியடைக்க, நசுங்கியவர்களுள் 97 பேர் இறந்தனர். பின்னரே அவ்வேலிகள் நீக்கப்பட்டன. நம் மூங்கில் தட்டியை அதனோடு ஒப்பிடுவது மிகையென்று அறிவோம். ஒரு முட்டு முட்டினால் அது விழுந்துவிடும். ஆயினும் அதன் வேலை நடந்தேறியது. இவ்வாண்டு கல் ஒன்றும் பறக்கவில்லை. முன்னாண்டு ஒருவர் கூவிய சொல்லை இவ்வாண்டு தட்டியின் இரு புறத்திலிருந்தும் பலர் கூவினர். கூவியவர் முகம் தெரியாதன்றோ?

முன்னாண்டு எமக்கு அருகில் அமர்ந்திருந்தவர் அக்கல்லூரியின் பழைய மாணவர், ஐம்பது வயதிருக்கும். ஆட்டம் தொடங்கியது முதல் அவித்த வேர்க்கடலையை எம் கையில் கொட்டிக்கொண்டே இருந்தார். தம் கல்லூரி ஆட்டக்காரர் பாடி வருகையில் எப்பொழுதும் இடப்பக்கமே திரும்புவார் என்றும், நம்மவருக்கு அது புலப்படவில்லையே என்றும் எம்மிடம் வருந்தினார். கற்கள் பறந்தபோது, நெற்றி பிளந்த நம் மாணவரைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர் அவரே. தையல் போட்டு முடியும்வரை உடனிருந்து, தம் துண்டைக் கட்டிவிட்டு அனுப்பினார். தட்டி இருந்திருப்பின் அவரை யாம் அறிந்திருக்கமாட்டோம்; அவர் மோட்டார் சைக்கிளும் நமக்குக் கிடைத்திராது.

யாம் வேண்டுவன சிலவே. வரும் தைத் திங்களில் ஒரு பேருந்தேனும் செல்லட்டும். தட்டி வேண்டா, அவர்கள் கல்லூரியார் ஒருவருக்கு அருகில் நம்மவர் ஒருவர் என அமர்வோம். முன்னாண்டு போன்ற சொல் நம் பக்கத்தில் எழுமாயின், அதைச் சொன்னவரைக் காவலர் வருமுன் நாமே பேருந்தில் கொண்டுபோய் உட்காரவைப்போம். இதைப்பற்றி நம் அணியின் அந்நண்பரிடம் கேட்டோம். முதலில் விடை கூறவில்லை. மறுநாள் வந்து, வருவதாயின் வாருங்கள். கூட்டமாய் என் பின்னால் நிற்காமல் அவர்கள் நடுவில் போய் உட்காருங்கள் என்றார்.

பேருந்துக்கான பணத்தைத் தமிழ் வகுப்பில் திரட்டத் தொடங்கியுள்ளோம். இதுவரை 31 பேர் தந்துள்ளனர். அக்கரைக் கல்லூரியின் தமிழ்ப் பேரவைக்கும் ஒரு மடல் எழுதினோம். முன்னாண்டு கூவிய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டு, துண்டு தந்த பெரியவரின் முகவரியையும் கேட்டிருந்தோம். பேரவைச் செயலர் விடையெழுதியிருக்கிறார். மன்னிப்பைப்பற்றி அதில் ஒன்றும் இல்லை. முகவரி இருக்கிறது, எத்தனை பேருக்குச் சோறு ஆக்குவது என்ற வினாவும் இருக்கிறது. முதல்வர் அவர்களின் ஒப்பம் கிடைக்கும்வரை அவ்வினாவுக்கு விடையெழுத இயலாதிருக்கிறோம்.