பட்டினி நேரத்தைத் தமிழில் சொல்லுங்கள்

காட்டுப்பள்ளி பக்கத்துக் காலனிகளில் கைக்குழந்தைக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை என்றால், பெற்றோர் மீஞ்சூர் வந்து ரயிலேறி எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறார்கள். குழந்தை பால் குடித்துவிட்டதால் சிகிச்சை தள்ளிப்போனால், ஒரு நாள் கூலி போகிறது. 'படிக்காத சனம்' என்ற பழியும் சேர்கிறது. அந்தப் பழியை நாம் ஏற்க முடியாது.

விதி சரியானதே. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும், புட்டிப்பாலையும் திட உணவையும் 6 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை தரலாம். அதற்கு மேலும் பட்டினி போட்டால் பச்சிளங்குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை குறையும். சளி, காய்ச்சல் இருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் சொன்னால் போதாது. நேரம் குறித்த தமிழ்ச் சீட்டை மருத்துவமனை தர வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் முந்தைய நாளே வீட்டில் விளக்க வேண்டும். பொன்னேரி தனித்தொகுதி உறுப்பினர் இதைப் பேரவையில் கேட்க வேண்டும். மாணவர்களே, அந்தச் சீட்டை உங்கள் தெருவில் படித்துக் காட்டுங்கள். மருத்துவரிடம் கேள்வி கேட்பது திமிர் அல்ல, நம் பிள்ளையின் உரிமை.