பறக்கும் தட்டுகளை வளர்த்த அரசு ரகசியம்

1947 ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ராஸ்வெல் ராணுவ விமானத் தளம், ‘பறக்கும் தட்டு’ ஒன்று தன் கைக்கு வந்திருப்பதாகப் பத்திரிகைகளுக்கு அறிவித்தது. சில மணி நேரத்திலேயே டெக்சாஸில் இருந்த மேலதிகாரிகள் அதை மறுத்து, விழுந்தது வெறும் வானிலை பலூன் என்றார்கள். வேற்றுக்கிரகவாசிகளின் உடல்களை அமெரிக்கா பதுக்கி வைத்திருக்கிறது என்ற நம்பிக்கை பிற்பாடு அந்த ஊரின் பெயரிலேயே கிளைத்துப் பரவியது. இப்படிப்பட்ட நம்பிக்கைகளுக்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது வழக்கம். வெளிவந்துள்ள ஆவணங்களைப் படித்தால், பழியில் பெரும்பங்கு உண்மையை மறைத்த அரசையே சேரும்.

ராஸ்வெல்லில் விழுந்தது பலூன்தான். ஆனால் அது வானிலையை அளக்கப் பறந்ததல்ல. சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தால் எழும் ஒலி அலைகளை மிக உயரத்தில் ஒற்றுக்கேட்க, ‘மொகல்’ என்ற பெயரில் ரகசியத் திட்டம் ஒன்று நடந்துவந்தது. வரிசையாகக் கட்டிய பலூன்களில் ஒலிக்கருவிகளையும், உலோகத்தாள் ஒட்டிய ரேடார் பிரதிபலிப்பான்களையும் தொங்கவிட்டுப் பறக்கவிட்டார்கள். அது விழுந்த பண்ணையில் கிடந்த ரப்பர், உலோகத்தாள், மெல்லிய குச்சிகள் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. இதை அமெரிக்க விமானப் படை ஒப்புக்கொண்டது 1994இல். அதுவும் நியூ மெக்சிகோவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன் ஷிஃப் விடாமல் கேள்வி கேட்டு, அரசுத் தணிக்கை அலுவலகம் விசாரணையில் இறங்கிய பிறகு. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் கதை வேரூன்றிவிட்டது.

இது ஒற்றைச் சம்பவம் அல்ல. 1955இல் யு-2 உளவு விமானத்தின் சோதனைப் பறப்புகள் தொடங்கின. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 20,000 அடிக்குக் கீழே பறந்த அந்தக் காலத்தில், யு-2 60,000 அடிக்கும் மேலே பறந்தது. கீழே அந்தி இருண்ட பிறகும் அதன் வெள்ளி நிற இறக்கைகளில் வெயில் பட்டுத் தகதகத்தது. அதைப் பார்த்த விமானிகள், அடையாளம் தெரியாத பொருளைக் கண்டதாகப் புகார் எழுதினார்கள். புகார்களை விசாரித்த விமானப் படையின் ‘புளூ புக்’ குழுவினர், யு-2 பறந்த நேரங்களோடு ஒப்பிட்டு விடையைக் கண்டுபிடித்தும், எழுதியவர்களிடம் அதைச் சொல்ல அனுமதி இல்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களால் விளைந்தவை என்று 1997இல் வெளியான சிஐஏவின் வரலாற்று ஆய்வு கூறியது. அந்த விகிதம் மிகை என்று மறுப்பவர்கள் உண்டு. ஆனால், விடை தெரிந்தே மக்களை வேறு பக்கம் திருப்பினார்கள் என்பதை அந்த ஆய்வே ஏற்றுக்கொள்கிறது.

பனிப்போர்க் காலத்தில் ரகசியம் தேவைப்பட்டது என்பார்கள். நியாயம்தான், எதிரிக்குத் தெரியும்படி உளவு பார்க்க முடியாது. ஆனால் தேவைக்கும் ஆயுள் உண்டு. சோவியத் ஒன்றியம் 1949 ஆகஸ்டில் நடத்திய முதல் அணுகுண்டுச் சோதனையை, விமானங்கள் சேகரித்த கதிரியக்கத் துகள்களைக் கொண்டு அமெரிக்கா கண்டுபிடித்துவிட்டது. பலூன் உத்தியின் தேவை அத்தோடு தீர்ந்தது. உண்மைக்கு மேலும் 45 ஆண்டுகள் பூட்டு ஏன்? மேலும், பதில் சொல்ல மறுப்பது ஒன்று, பொய்யான பதிலைச் சொல்வது வேறு. மௌனத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒருமுறை பொய் அம்பலமானால், அடுத்து வரும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். 1994இன் விளக்கத்தைப் பலர் ஏற்காததற்கு அதுவே காரணம்.

எல்லாமே உளவு விமானமா என்ற கேள்வியும் வரும். 1969இல் மூடப்பட்ட புளூ புக் பதிவுசெய்த 12,618 புகார்களில் 701 விடையின்றி நின்றது உண்மை. அனுபவமுள்ள விமானிகள் பார்த்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் விடை கிடைக்காத நிகழ்வு என்றால் தரவு போதவில்லை என்றுதான் பொருள்; அதை வேற்றுக்கிரகத்தின் சான்றாக ஆக்க முடியாது. 2023இல் நாசாவின் சுயேச்சைக் குழுவும் வேற்றுக்கிரகத் தொடர்புக்கு ஆதாரம் காணவில்லை. தரமான தரவு இல்லாததையே பெருங்குறையாகச் சுட்டியது.

ஆகவே, தொடர்ந்து கேள்வி கேட்கும் பொதுமக்களை ஏளனம் செய்வது அநீதி. அவர்கள் பிடித்துக்கொண்ட விடை தவறாக இருக்கலாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற அவர்களது சந்தேகம் சரியாகவே இருந்தது. எந்த ராணுவ ரகசியத்துக்கும் காலவரம்பு வேண்டும். அது முடிந்ததும் யாரும் கேட்காமலே கோப்புகள் திறக்கப்பட வேண்டும். வதந்தியை ஒழிக்க நினைக்கும் அரசு முதலில் செய்ய வேண்டியது, தான் சொன்ன பொய்யைத் தானே திருத்துவது.