வெளியேற்றுவது தீர்வல்ல

முதல் முறை அபராதம். அடுத்த முறை விடுதியிலிருந்து நீக்கம். அதன் பின்னர் பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்கம். மது அருந்தியதாகவோ போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ பிடிபடும் மாணவர்களுக்கு நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் வகுத்துள்ள ஒழுங்கு விதிகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. வளாகங்களில் போதை பரவுவது குறித்துப் பெற்றோர் கொள்ளும் கவலை நியாயமானது. இளைஞரின் உடலை மட்டுமன்றி, சிந்திக்கும் ஆற்றலையும் போராடும் உறுதியையும் போதை அரித்துவிடுகிறது. எனவே இவ்விஷயத்தில் நமக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. ஆனால் மாணவரை வெளியேற்றிவிட்டால் போதையும் வெளியேறிவிடுமா?

ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கூறியது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிட்டியிருந்தது. மற்ற 37 பேரைக் கைவிட்டது நமது பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு. அந்தத் தோல்வியை மாணவரின் ஒழுக்கக்கேடாக மட்டும் சித்தரிப்பது, அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கே உதவும்.

மது, போதைப்பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சேர்த்துள்ளது. சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. கடுமைக்குப் பெயர் பெற்ற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே கூட, சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அவர் மீது வழக்கு நடத்துவதிலிருந்து 64ஏ பிரிவின்படி விலக்கு அளிக்கிறது. சட்டம் திறந்து வைத்திருக்கும் இந்த வாசலைப் பல்கலைக்கழக விதிகள் ஏன் அடைக்க வேண்டும்?

தண்டனையின் சுமையும் அனைவர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் ஒரு பொருட்டல்ல. விவசாயக் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கோ அது வீட்டையே கடனில் தள்ளும் தொகை. விடுதியை இழந்தால் முன்னவர் வெளியில் அறை எடுத்துக்கொள்வார். பின்னவர் ஊர் திரும்புவார். தலைமுறைகள் காத்திருந்து எட்டிய பட்டப்படிப்பு அத்துடன் முடிகிறது. இன்னும் கொடிய விளைவும் உண்டு. அளவுக்கு மீறிய போதையில் ஒரு மாணவர் நினைவிழக்கும்போது, தாமும் தண்டிக்கப்படுவோம் என்ற அச்சத்தில் அறைத் தோழர்கள் விடுதிக் காப்பாளரை அழைக்கத் தயங்கினால், இழப்பது உயிரையே.

ஒழுங்கு என்ற பெயரில் நிர்வாகங்கள் வேறெதையெல்லாம் தண்டிக்கின்றன என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் செயற்குழு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த விதித்தொகுப்பு, கல்விக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் தர்ணா நடத்தினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றது. சூதாட்டமும் போலி ஆவணத் தயாரிப்பும் இடம்பெற்ற தவறுகளின் பட்டியலில்தான் மாணவர் போராட்டமும் வைக்கப்பட்டது. விசாரணையில் மாணவர் பிரதிநிதிக்கு இடமும், முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியும் இல்லையெனில், போதைக்காகத் தீட்டிய கத்தி நாளை கேள்வி கேட்பவர் மீதும் பாயும்.

இதன் பொருள் குற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது அன்று. மது மயக்கத்தில் மாணவியரைச் சீண்டுவோர், ராகிங்கில் ஈடுபடுவோர், வளாகத்தில் போதைப்பொருள் விற்போர் மீது உறுதியான நடவடிக்கை தேவை. போதை எந்த வன்முறைக்கும் சலுகையாகாது. அதேவேளையில், 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் டால்க் கற்கள் என்ற பெயரில் வந்த இரு கன்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டதை நாடு அறியும். அத்தகைய வலைப்பின்னல்களின் மேல்மட்டத்தை எட்டாத ஆட்சியாளர்கள், விடுதி அறைகளைச் சோதனையிட்டுப் போதையை ஒழித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள முடியாது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் நியமிக்கப்பட வேண்டும் என உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டுள்ளது. அதைக் காகிதத்தில் விட்டுவிடாமல் நிரந்தரப் பணியிடங்களாக நிறைவேற்ற வேண்டும். உதவி கேட்டு முன்வரும் மாணவருக்கும், அவருக்காக உதவி கோரும் நண்பருக்கும் தண்டனையில்லை என விதிகளில் எழுதப்பட வேண்டும். சிகிச்சைக் காலத்தில் விடுதி இடமும் கல்வி உதவித்தொகையும் பறிக்கப்படக் கூடாது. மாணவர், ஆசிரியர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் இக்கோரிக்கைகளை ஒவ்வொரு வளாகத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். போதைக்கு எதிரான போராட்டம் மாணவர்களைத் திரட்டி நடத்த வேண்டியது. அவர்களை வெளியே தள்ளி நடத்த முடியாது.