மேத்ஸ் பேப்பர் முடிஞ்சிருச்சு, இஎம்ஐ முடியலையே!

பிசிஏ, பி.காம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படிச்ச பலரும் மேத்ஸ் பேப்பரை "பாஸ் ஆனா போதும்"னு தாண்டி வந்திருப்பீங்க. எக்செல் இருக்கும்போது பெருக்குத் தொடர் எதுக்குன்னு கேட்டிருப்பீங்க.

இந்தக் கணக்கைப் பாருங்க. கடன் 1 லட்சம், 3 வருஷம், "வெறும் 10% ஃபிளாட்". மொத்த வட்டி 30,000. மாதத் தவணை 3,611 ரூபாய். மாசாமாசம் அசல் குறையுது, வட்டி மட்டும் முழு 1 லட்சத்துக்கும் ஓடுது. குறையும் அசல் முறையில் இது கிட்டத்தட்ட 18%!

எக்செல்லில் ரேட் ஃபார்முலா போட்டா நொடியில் தெரியும். போட்டுப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணணுமே! இஎம்ஐ ஃபார்முலாவே பெருக்குத் தொடரிலிருந்து வந்ததுதான். அந்தப் பாடத்தை இன்னொரு தடவை புரட்டுங்க. கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க: "ஃபிளாட்டா, ரெடியூசிங்கா?"