பதர் வேறு, உமி வேறு

ஈப்போ வட்டாரத்தில் தமிழ் பேசுவோரிடம் 'பதர்' என்ற சொல் இன்னும் புழங்குகிறது. பொருள் கேட்டால் பலர் உமி என்கிறார்கள். அது சரியில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ரப்பர் தோட்டத்து லயங்களில் சுளகு இருந்தது, களம் இல்லை. பால் மரம் வெட்டியவர்கள் வீட்டுக்கு அரிசி மூட்டையில் வந்தது. பெண்கள் அதைப் புடைத்துக் கல்லும் நெல்லும் பொறுக்கினார்கள். அடித்த நெல்லைக் காற்றில் தூற்றும் வேலையை லயத்துப் பிள்ளைகள் எங்கே பார்த்திருப்பார்கள்? சொல் மட்டும் கப்பலேறி வந்து தங்கிவிட்டது.

கோதுமைக் கதிரை அடித்தாலே மேலுறை கழன்றுவிடும். தூற்றும்போது பறப்பது அந்த உறை. நெல் அப்படியன்று. எவ்வளவு அடித்தாலும் உமி அரிசியை விடாது. உரலிலோ ஆலையிலோதான் கழலும். நெற்களத்தில் பறப்பது தூசி, வைக்கோல் துணுக்கு, அவற்றோடு பதர். பதர் என்பது உள்ளே அரிசி பிடிக்காத நெல். அதற்கும் அதே உமி, ஏறக்குறைய அதே வடிவம். கண் ஏமாறும், காற்று ஏமாறாது. உயரத்திலிருந்து சரித்தால் கனத்த மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். கிந்தா பள்ளத்தாக்கில் துலாங் தட்டேந்தி ஆற்றில் நின்ற பெண்கள் ஈயம் பிரித்ததும் இதே கணக்கில்தான். ஈயத் தாது மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். தட்டைச் சுழற்றினால் நீர் மணலைக் கொண்டுபோய்விடும்.

1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் வந்தபின் பேராக்கின் நெற்களஞ்சியமாக வளர்ந்த கிரியானில் இன்று அறுவடை இயந்திரத்துக்குள் இருக்கும் விசிறியே தூற்றிவிடுகிறது. மலாய் மொழியில் பதருக்கு 'பாடி ஹம்பா' என்று பெயர். ஹம்பா என்றால் வெறுமை. பொருள் கச்சிதம்.

வள்ளுவரும் பயனற்ற பேச்சைப் பாராட்டித் திரிபவனையே பதடி, அதாவது பதர், என்றார். ஆளின் தோற்றத்தையோ பிறப்பையோ வைத்துச் சொல்லவில்லை.

நெல் ஏன் பதராகிறது என்பதையும் அறிய வேண்டும். பூக்கும் நாட்களில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெடும். தண்ணீர் வற்றினாலும், தண்டுத் துளைப்பான் புகுந்தாலும் மணி பிடிக்காது. இவற்றில் எதுவும் அந்த நெல்லின் குற்றம் அன்று. தேர்வில் தவறிய பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தி 'பதர்' என்பவர்கள் உண்டு. ஆசிரியர்களே, பெற்றோர்களே, அந்தச் சொல்லை எந்தப் பிள்ளைக்கும் சூட்டாதீர்கள்.